கும்பினியும் கப்பலும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் கடைத்தெருவில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வந்து குவியும். அவற்றினூடே கிராம்பும் ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் சிறு சிறு கூறுகளாக வைக்கப்பட்டிருக்கும். சீசனுக்கு வருவோர் இவற்றை இம்மலை இயல்பாக ஈன்ற பொருள்கள் என்றெண்ணி வாங்கிச் செல்கின்றனர். நம்மவருள்ளும் பலர் அவ்வாறே எண்ணுகின்றனர். திரிகூட மலையைப் பாடிய மேலகரத்துக் கவிராயர் இம்மலையின் தேனையும் கிழங்கையும் சந்தனத்தையும் அறிந்திருந்தார். ஜாதிக்காய் மரத்தை அவர் இங்கே கண்டிருக்க வழியில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் கடல் கடந்து கன்றுகளைக் கொணர்ந்து குற்றாலத்தில் வாசனைப்பொருள் தோட்டம் அமைத்த பின்னரே அம்மரங்கள் இங்கு வேர்கொண்டன.

கம்பெனியார் மரம் நட்டது மலையின் மீது கொண்ட காதலால் அன்று. ஜாதிக்காய் அக்காலத்தில் உலகில் ஏறத்தாழ ஓரிடத்தில் மட்டுமே விளைந்தது. இன்றைய இந்தோனேசியாவின் கீழைக் கடலில் உள்ள பண்டா என்னும் சிறு தீவுக்கூட்டமே அவ்விடம். அதன் விளைச்சல் முழுவதையும் தானே குறித்த விலைக்குப் பெறவேண்டும் என்று டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி முனைந்தது. தீவினர் பிறருக்கும் விற்றனர். 1621ஆம் ஆண்டில் அக்கம்பெனியின் ஆளுநர் யான் பீட்டர்சோன் கூன் படையோடு இறங்கினார். தீவு மக்களில் பெரும்பகுதியினர் கொல்லப்பட்டனர், அடிமைகளாக்கப்பட்டனர், அல்லது பசியால் மடிந்தனர். பின்னர் வேற்றிடங்களிலிருந்து அடிமைகள் கொண்டுவரப்பட்டு மரங்கள் பேணப்பட்டன. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் நீடித்த அத்தனியுரிமையை, ஐரோப்பியப் போர்களின் இடையே அத்தீவுகளைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், கன்றுகளைப் பெயர்த்தெடுத்துத் தம் ஆட்சிப் பகுதிகளில் நட்டு உடைத்தனர். அவ்வாறு பரவிய மரங்களின் வழியில் வந்தவையே நம் குற்றாலத்து ஜாதி மரங்களும்.

அந்த டச்சுக் கம்பெனியின் பெயரை அவர்கள் மொழியில் சுருக்கினால் வி.ஓ.சி. என்னும் மூன்று எழுத்துகள் வரும். பீரங்கிகளிலும் நாணயங்களிலும் பீங்கான் தட்டுகளிலும் அம்மூன்று எழுத்துகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிப் பொறித்தார்கள். 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றிய கம்பெனியும் அதுவே. ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அதே தூத்துக்குடியில் அதே மூன்று எழுத்துகளைத் தம் பெயரின் முதலெழுத்துகளாகக் கொண்ட ஒருவர் இன்னொரு கம்பெனியைத் தொடங்கினார் என்பதை வரலாற்றின் குறும்பு என்றே கொள்ளவேண்டும். இக்கட்டுரை பெரும்பாலும் அவர் தொடங்கிய கம்பெனியைப் பற்றியது. ஆயினும் அதற்கு முன், கம்பெனி என்ற பொருளை நம் மாவட்டம் முதன்முதலில் எவ்வாறு அறிந்தது என்பதைச் சிறிது நோக்கவேண்டும்.

நம் பாட்டன்மார் அதனைக் கும்பினி என்றனர். கட்டபொம்மன் கதைப்பாடல்களில் வரும் சொல்லும் அதுவே. கும்பினி என்பவன் யார் என்று பாடியவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை, தெரிந்திருக்கவும் முடியாது. நாயக்கர் என்றால் மதுரையில் ஒருவர் இருந்தார். நவாபு என்றால் ஆற்காட்டில் ஒருவர் இருந்தார். வரி மிகுந்தால் அவரைச் சபிக்கலாம். மனம் இரங்கினால் அவரை வாழ்த்தலாம். குறவஞ்சிக்குப் பரிசாக நிலம் கொடுத்த மன்னனும், பயிர் கருகிய ஆண்டில் வரி கேட்ட மன்னனும் முகம் உடையவர்களாகவே இருந்தனர். கும்பினிக்கு முகம் இல்லை. இலண்டனில் பங்குப் பத்திரம் வைத்திருந்த மூதாட்டியும் கும்பினிதான். பாளையங்கோட்டையில் முகாமிட்ட தளபதியும் கும்பினிதான். இங்கிலாந்தின் நீதித்துறைத் தலைவராயிருந்த தர்லோ பிரபு, கம்பெனிக்குத் தண்டிக்க ஓர் உடலும் இல்லை, பழிக்க ஓர் ஆன்மாவும் இல்லை, அதனிடம் மனச்சாட்சியை எப்படி எதிர்பார்ப்பது என்ற பொருளில் கேட்டதாகச் சொல்வார்கள். வேடிக்கையாகச் சொன்னதாகவே அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். வரி கொடுத்த நம் ஊர்களுக்கு அதில் வேடிக்கை ஏதும் இருந்திராது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பின்பாதியில் திருநெல்வேலிச் சீமை எவ்வாறு நடத்தப்பட்டது என்பதைக் கால்டுவெல் 1881இல் வெளியிட்ட தம் சரித்திர நூலில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவர், பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன், வடகரை என்றும் சொக்கம்பட்டி என்றும் வழங்கிய நம் பாளையத்தார், சிவகிரியார், சிங்கம்பட்டியார் என எல்லாரும் அதில் வருகின்றனர். போர்களைப் பற்றி நம் மலர்களில் நிறையவே எழுதியாயிற்று. எனக்கு வியப்பளிப்பது அப்போர்களின் பின்னிருந்த கணக்கு. நவாபு முகம்மது அலி கம்பெனிக்குப் படைச்செலவு கொடுக்கவேண்டும். கொடுக்கப் பணம் இல்லை. எனவே சென்னையில் இருந்த கம்பெனி ஊழியர்களிடமே தனிக்கடனாக வாங்கினார். அக்கடனுக்கு ஈடாக மாவட்டங்களின் வரி வருவாயை எழுதிக்கொடுத்தார். கம்பெனியிடம் சில நூறு பவுன் சம்பளம் பெற்ற பால் பென்பீல்டு போன்றவர்கள் நவாபுக்கு இலட்சக்கணக்கில் கடன் கொடுத்தவர்களாகத் தோன்றினர். நவாபின் குத்தகைதாரர் பாளையக்காரரை நெருக்கினர். பாளையக்காரர் குடியானவரை நெருக்கினர். வட்டி மட்டும் சென்னையிலும் இலண்டனிலும் வளர்ந்தது.

1785 பிப்ரவரி 28ஆம் நாள் இலண்டன் பொதுச்சபையில் எட்மண்டு பர்க் இக்கடன்களைப் பற்றி ஆற்றிய உரை ஆங்கில உரைநடையின் சிகரங்களுள் ஒன்றாகப் போற்றப்படுவது. அதில் நம் நாட்டுக் குளங்களைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. ஏரிகளையும் குளங்களையும் வெட்டிய அரசர்கள் தம் ஆயுளுக்குப் பின்னும் மக்களைக் காக்க விரும்பிய தந்தையர் என்றும், கடன்காரர்களோ அடுத்த அறுவடைக்கு மேல் நோக்காதவர் என்றும் அவர் வாதிட்டார். குளத்துப் பாசனத்தில் பிறந்து வளர்ந்த நாம் அப்பகுதியைப் படிக்கும்போது, நம் மண்ணைக் காணாத ஒருவர் அதை எவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டார் என்று வியக்கிறோம். அன்று சபை அவருக்குச் செவிசாய்க்கவில்லை. கடன்கள் ஆராயப்படாமலே ஏற்கப்பட்டன. 1801இல் கருநாடகம் முழுவதும் கம்பெனி வசமான பின் எஞ்சிய கடன்களை ஆராய ஓர் ஆணையம் அமைத்தனர். வந்த கோரிக்கைகள் ஏறத்தாழ 3 கோடி பவுன். நெடுங்காலம் ஆராய்ந்து முடித்தபோது அவற்றில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1833ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் கம்பெனியின் வாணிகத்தை அறவே நிறுத்தியது. கடை மூடினால் லாபமும் நிற்கவேண்டும் அல்லவா? நிற்கவில்லை. கம்பெனியின் 60 இலட்சம் பவுன் மூலதனத்துக்கு ஆண்டுக்குப் பத்தரை விழுக்காடு ஈவுத்தொகையை இந்திய வரி வருவாயிலிருந்தே கொடுப்பது என்று அச்சட்டம் விதித்தது. நாற்பதாண்டு கழித்து 100 பவுன் பங்குக்கு 200 பவுன் கொடுத்து அதை மீட்டுக்கொள்ளலாம் என்றும் விதித்தது. 1858இல் ஆட்சி அரசியாரிடம் சென்ற பின்னும், 1874இல் கம்பெனி கலைக்கப்படும் வரை, இது நடந்தது. விற்க ஒரு சரக்கும் இல்லாத கடைக்கு நாற்பதாண்டுகள் லாபம் கொடுத்த குடியானவருள் நம் அனுமன் நதிக்கரையில் நெல் விளைத்தவர்களும் அடங்குவர். இதில் எந்தப் பங்குதாரரும் சட்டத்தை மீறவில்லை. அவரவர் வீட்டில் அவரவர் நல்லவர்களாகவே இருந்திருப்பர்.

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதம் எழலாம். வணிகர் என்றாலே லாபம் நோக்குபவர்தாமே, நம்மவர் மட்டும் என்ன என்பர். லாபம் தவறு என்று தமிழ் மரபு எங்கும் சொல்லவில்லை. பட்டினப்பாலை புகாரின் வணிகரைக் காட்டும்போது அவர்கள் லாபம் கொள்ளாதவர் என்று புகழவில்லை; எவ்வளவு லாபம் என்பதை மறைக்காதவர் என்றே புகழ்கிறது. வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் வாணிகத்தைச் சேர்த்தது பொருள் பொதிந்த செயல். திசையாயிரத்து ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார் முதலிய வணிகக் குழுக்களும் பலர் கூடி முதலிட்ட அமைப்புகளே. படைவீரர்களைக்கூட அவை வைத்திருந்தன. எனவே கூட்டு வாணிகம் வெள்ளையர் கொணர்ந்தது என்றும், அதனாலேயே அது கெட்டது என்றும் எழுத நான் உடன்படேன்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மகமை என்னும் வழக்கத்தை நம் கடைத்தெருக்கள் நன்கு அறியும். மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று வணிகர் தாமே விதித்துக்கொண்டு பொதுக் காரியத்துக்கு எடுத்துவைக்கும் தொகை அது. கோயில் மண்டகப்படி, கிணறு, சாவடி, பின்னாளில் பள்ளிக்கூடம் எல்லாம் அதிலிருந்து எழுந்தன. 1889இல் விருதுநகரில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அத்தகையது. இதில் கவனிக்கத்தக்க நுட்பம் யாதெனில், மகமை லாபத்திலிருந்து எடுக்கப்படுவதில்லை. சரக்கு வந்து இறங்கியவுடனேயே எடுக்கப்படும். அந்த ஆண்டு வணிகருக்கு நட்டம் வந்தாலும் ஊருக்குரியது ஊருக்குப் போய்விடும். 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் பெருங்கம்பெனிகள் தம் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும் என்கிறது. நல்ல சட்டமே. ஆயினும் லாபம் எவ்வாறு வந்தது என்பதை அது கேட்பதில்லை. வந்த பின் பங்கு கேட்கிறது. மகமை கொடுத்த வணிகர்கள் எல்லாரும் அறவோர் என்று நான் சொல்ல வரவில்லை. சாதிக் கட்டுப்பாடும் அதனுள் இருந்தது. கணக்கில் ஊருக்கென்று முதற்பத்தி ஒன்று இருந்தது என்பதே நான் சொல்ல வருவது.

இனிக் கப்பலுக்கு வருவோம். 1880களில் ஆண்ட்ரூ, பிராங்க் என்னும் ஸ்காட்லாந்துச் சகோதரர்களாகிய ஹார்வியார் பாபநாசத்தில் தாமிரவருணி வீழ்ந்து தரும் விசையைக் கொண்டு பஞ்சாலை ஒன்றை நிறுவினர். அடுத்துத் தூத்துக்குடியில் கோரல் மில் எழுந்தது. அவர்களே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்ட பிரிட்டிஷ் இந்திய நீராவிக் கப்பல் கம்பெனிக்கு முகவர்களாகவும் விளங்கினர். நூலும் அவர்கள் கையில், நூலை ஏற்றும் கப்பலும் அவர்கள் கையில். கட்டணம் அவர்கள் சொன்னதே.

இதனை உடைக்க எழுந்த சுதேசி நாவாய்ச் சங்கம் 1906 அக்டோபர் 16ஆம் நாள், 1882ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவாயிற்று. அதே அக்டோபர் 16இல்தான் 1799ஆம் ஆண்டு கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1905இல் வங்கம் பிரிக்கப்பட்டதும் அதே நாள். திட்டமிட்ட நாளா, தற்செயலா என்று நான் துணிந்து கூறமாட்டேன்.

மூலதனம் 10 இலட்சம் ரூபாய்; 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகள், அதாவது 2 இலட்சம் ரூபாய்க்கு எடுத்துச் செயலாளரானார். வ.உ.சி. துணைச்செயலாளர். தலைவர் யார் தெரியுமா? பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தோற்றுவித்த அதே பெருமகனார். ஏட்டுச்சுவடி தேடியவர், ‘செந்தமிழ்’ இதழுக்குப் பொருள் கொடுத்தவர், புலவர்களுக்குச் சோறிட்டவர், கப்பல் கம்பெனியின் தலைவர் நாற்காலியில் அமர்ந்தார். இலக்கியச் சங்கம் வேறு, வாணிகச் சங்கம் வேறு என்ற பிரிவினை அத்தலைமுறைக்குத் தோன்றவில்லை போலும். நம் வட்டத்துக் கவிஞர் சிலர் காசு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பதுண்டு. அவர்கள் பாண்டித்துரைத் தேவரை நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். (இம்மலரின் பின்பக்கங்களில் விளம்பரம் தந்த அன்பர்களையும்தான்.)

கம்பெனியின் நோக்கங்களாக அச்சிடப்பட்டவற்றைப் பார்த்தால் இவர்கள் கம்பெனி என்ற கருவியை எவ்வாறு வளைக்க முயன்றனர் என்பது விளங்கும். குறைந்த கட்டணத்தில் கப்பல் விடுவது முதல் நோக்கம். அதனோடு, கப்பல் ஓட்டும் கலையை நம்மவர்க்குக் கற்பிப்பது, கப்பல் கட்டும் தொழிலைப் பயிற்றுவது, கப்பல் துறைகள் அமைப்பது ஆகியனவும் நோக்கங்களாயின. இந்தியரும் இலங்கையரும் ஏனைய ஆசிய நாட்டினரும் பங்கு வாங்கலாம். பாரதியார் தம் ‘இந்தியா’ இதழில் கம்பெனிக்குப் பங்கு சேர வேண்டி எழுதினார். கும்பினி லாபத்தைப் பலருக்குப் பகிர்ந்து பழியை ஒருவருக்கும் சேராமல் செய்த கருவி. அதே கருவியைக் கொண்டு ஒரு நாட்டின் தன்மானத்தை 25 ரூபாய்த் துண்டுகளாக்கிப் பலர் தாங்கச் செய்யலாம் என்று வ.உ.சி. நம்பினார். தமிழகத்தில் இதற்கு முன் இவ்வளவு துணிவான பொருளாதாரக் கற்பனை ஒன்று தோன்றியதாக நான் அறியேன்.

தொடக்கத்தில் பம்பாய் ஷா லைன் கம்பெனியிடம் கப்பல்களை வாடகைக்கு எடுத்தனர். வெள்ளையர் கம்பெனி நெருக்கவே அவர்கள் கப்பலைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். கொழும்பிலிருந்து ஒரு கப்பலைக் குத்தகைக்கு எடுத்துச் சமாளித்துக்கொண்டே வ.உ.சி. பம்பாய் சென்றார். 1907இல் காலியா வந்தது. பிரான்சிலிருந்து லாவோவும் வந்தது. ஒவ்வொன்றும் 1,300 சாதாரணப் பயணிகளையும் 4,000 மூட்டைச் சரக்கையும் ஏற்றவல்லது.

பிறகு தொடங்கிய கட்டணப் போரைப் பள்ளிப் பாடநூலில் படித்திருப்போம். வெள்ளையர் கம்பெனி கொழும்புக்குக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. வெள்ளையர் கம்பெனி இலவசம் என்றது. ஏறுவோருக்குக் குடையும் கொடுத்தது என்பர். பாடநூலில் இது வீரக்கதையின் ஒரு சுவையான காட்சியாக முடிந்துவிடுகிறது. நான் பலமுறை அந்தக் குடையைப் பற்றியே எண்ணியிருக்கிறேன். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலியாகப் போனவர்களுள் நம் மாவட்டத்து ஏழைகளும் இருந்தனர். அவர்களுக்கு ஒரு ரூபாய் என்பது பெருந்தொகை. குடையை வாங்கிக்கொண்டு வெள்ளையர் கப்பலில் ஏறியவரைத் துரோகி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. குடையைக் கொடுத்தவரும் தருமம் செய்யவில்லை. வேறு கடல்களில் ஈட்டிய லாபத்தைக் கொண்டு இங்கே நட்டத்தைத் தாங்கி, எதிரி வீழ்ந்த மறுநாள் பழைய கட்டணத்தை வாங்கும் கணக்கு அது. இன்று இதனை அழிப்பு விலை என்பர். 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் இதனைத் தடை செய்கிறது. 1907இல் அத்தகைய சட்டம் இல்லை. இருந்திருந்தாலும் தூத்துக்குடியில் அதனைச் செலுத்தவேண்டிய அதிகாரிகள் எந்தப் பக்கம் இருந்தனர் என்பது அடுத்த ஆண்டே வெளிப்பட்டது.

1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வாரத்தில் ஒரு நாள் ஓய்வுகூட இல்லாத வேலை அவர்களுடையது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். ஊரே அவர்களுக்குச் சோறு போட்டது. வேலைநிறுத்தத்தை எதிர்த்துப் பேசிய வழக்கறிஞர் ஒருவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்த தொழிலாளி பாதியில் எழுந்து போய்விட்டார் என்ற கதையை இன்றும் இம்மாவட்டத்தில் சொல்வார்கள். சில நாள்களிலேயே நிர்வாகம் இறங்கிவந்து கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கொடுத்தது. ஒரு கம்பெனியின் துணைச்செயலாளர் இன்னொரு கம்பெனியின் தொழிலாளருக்காக நின்றார் என்பதை இங்கே அடிக்கோடிட விரும்புகிறேன். அவருடைய கம்பெனியின் இயக்குநர்களில் சிலருக்கு அவர் அரசியலில் இறங்குவது பிடிக்கவில்லை. கப்பல் கட்டணம் பற்றிப் பேசினால் போதாதா, ஏன் வம்பு என்பது அவர்கள் நிலை. முதல் போட்டவர்கள் அஞ்சுவது இயல்பே.

மார்ச் 12 அன்று இருவரும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது. கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்துக்கொண்டிருந்தபோது கம்பெனி தள்ளாடியது. 1911இல் அது கலைக்கப்பட்டது. காலியா கப்பல் எந்தக் கம்பெனியை எதிர்த்து வாங்கப்பட்டதோ அந்தக் கம்பெனிக்கே விற்கப்பட்டது.

இவ்விற்பனை வ.உ.சி.க்குச் சிறைத் துன்பத்தினும் பெரிய வேதனையாயிற்று. நம் மேடைகளில் இதனைச் சொல்லும்போது பங்குதாரர்களைத் துரோகிகள் என்று ஏசிவிட்டு இறங்குவது வழக்கம். நானும் இளமையில் அவ்வாறு பேசியிருக்கிறேன். இப்போது அவ்வளவு எளிதாகப் பேச முடியவில்லை. கம்பெனி கலைக்கப்பட்டால் அதன் உடைமைகளை இயன்ற அளவு நல்ல விலைக்கு விற்றுக் கடன்காரர்களுக்குக் கொடுப்பதே சட்டம் விதிக்கும் கடமை. அதிக விலை கொடுக்க வருபவரிடம், நீர் எம் பகைவர், உமக்கு விற்கமாட்டோம் என்று சொல்ல அச்சட்டத்தில் இடமில்லை. அப்படிச் சொன்னால் அது கடன்காரருக்குச் செய்யும் மோசடியாகிவிடும். வேறு யாரிடம் கப்பல் வாங்கும் முதல் இருந்தது? வ.உ.சி. எதற்காக அக்கப்பலை வாங்கினாரோ அதனை எழுத அக்கணக்குப் புத்தகத்தில் பத்தி இல்லை. நோக்கங்களின் பட்டியலில் அழகாக அச்சிடப்பட்டிருந்தது, ஐந்தொகைக் குறிப்பில் ஒரு வரியாகவும் ஏறவில்லை. வ.உ.சி. வெளியே இருந்தவரையில் அந்த வெற்றுப் பத்தியை அவரே நிரப்பிக்கொண்டிருந்தார். அவரைச் சிறையிலிட்டபின் அது வெற்றாகவே நின்றது. ஆங்கில அரசு அவரைப் பிடித்ததற்கு இதைவிடச் சிறந்த வாணிகக் காரணம் இருந்திருக்க முடியாது.

அதே 1911ஆம் ஆண்டு ஜூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில் செங்கோட்டை வாஞ்சிநாதன் ஆட்சியர் ஆஷைச் சுட்டார். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. தூத்துக்குடியில் துணை ஆட்சியராக இருந்தபோது சுதேசிக் கம்பெனியை ஒடுக்கியதில் ஆஷ் கொண்ட பங்கு அக்கொலைக்கான காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதத்தின் சொற்களைப் பற்றிய வாதங்கள் இன்றும் ஓயவில்லை. அவை வேறொரு கட்டுரைக்குரியன. முகமற்ற ஒன்றின்மீது எழுந்த சினம் கடைசியில் முகமுள்ள ஒருவர்மீது பாய்ந்தது. கம்பெனி அன்றும் கொழும்புக்குக் கப்பல் விட்டது.

பின்னர் வந்த சிந்தியா கப்பல் கம்பெனி 1919 ஏப்ரல் 5 அன்று தன் முதற்கப்பலை இலண்டனுக்கு அனுப்பியது. அதனையும் வாங்கிவிட வெள்ளையர் கம்பெனி முயன்றது. சிந்தியா விலைபோகவில்லை. ஆனால் இவ்வளவுக்கு மேல் கப்பல் பெருக்கமாட்டோம் என்று 1920களில் பத்தாண்டு உடன்படிக்கை செய்துகொண்டு பிழைத்தது. இன்று நாடு ஏப்ரல் 5ஆம் நாளையே தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடுகிறது. உடன்பட்டுப் பிழைத்த கம்பெனிக்கு விழாநாள் உண்டு. உடன்படாமல் அழிந்த கம்பெனிக்கு இல்லை. பிழைத்திருப்பதும் ஒரு தகுதிதான் என்று நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை.

தூத்துக்குடியில் கம்பெனி என்ற சொல் மீண்டும் குருதியோடு சேர்ந்து கேட்டது 2018 மே 22 அன்று. தாமிர உருக்காலை ஒன்றை எதிர்த்து ஊர்வலம் சென்றோர் மீது காவல்துறை சுட்டதில் பதின்மூவர் உயிரிழந்தனர். ஆலை மூடப்பட்டது, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கம்பெனியின் மேல்முறையீட்டைத் தள்ளியது. வழக்கு நெடுகிலும் இருதரப்பும் எண்களால் பேசின. இத்தனை டன் தாமிரம், இத்தனை பேருக்கு வேலை, காற்றில் இவ்வளவு, நீரில் இவ்வளவு. அந்த எண்களையெல்லாம் படித்தபோது எனக்குப் பர்க் சொன்ன குளங்களும் மூட்டைக்கு இவ்வளவு என்ற மகமையும் நினைவுக்கு வந்தன.

1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையானபோது வரவேற்க ஊர் திரளவில்லை. கப்பல் இல்லை, வழக்கறிஞர் உரிமமும் இல்லை. பாண்டித்துரைத் தேவர் முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். சென்னை சென்று சிறு கடைகள் வைத்துப் பார்த்தார். வாணிகம் கைகூடவில்லை. அந்த வறுமையினிடையேதான் அவர் தொல்காப்பியத்துக்கும் திருக்குறளுக்கும் திரும்பினார் என்பதை நம் வட்டத்தார் அறிவர்.

அவர் சிறையில் இருந்த காலத்தில் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துக் காந்தியடிகளிடம் கொடுத்திருந்தனர். 1915இல் காந்தி இந்தியா திரும்பினார். வ.உ.சி. அவருக்கு எழுதினார். கொடுத்தவர்கள் பெயரும் தொகையும் காந்திக்கு நினைவில் இல்லை. கடிதங்கள் போயின, வந்தன. பணம் வேண்டாம் என்று முதலில் ஒதுங்கிய வ.உ.சி., இன்றைய நிலையில் மறுத்தால் என் குடும்பத்துக்குத் தவறு செய்தவனாவேன் என்ற பொருள்பட எழுதி ஒப்புக்கொண்டார். காந்தியும் விட்டுவிடவில்லை. தேடிக் கண்டுபிடித்து 1916இன் தொடக்கத்தில் அனுப்பிவைத்தார். தொகை 347 ரூபாய் 12 அணா.